உறைகடல் வாசல் – 9: 15 மீட்டர் ஆழம்

சென்ற வாரம் ஓப் வளைகுடாவின் மேற்குக் கரையில், கமென்னி முனையில் நின்றோம். 1947-இல் ஸ்டாலினின் அரசு அங்கே ஒரு துறைமுகம் வேண்டும் என்று முடிவெடுத்தது. அளவெடுப்பு முடியும் முன்பே ரயில் பாதை போடக் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கடலின் ஆழத்தைச் சரியாக அளந்தது அதற்குப் பிறகுதான். பெரிய கப்பல்கள் கரையை நெருங்கவே முடியாது என்று அப்போது தெரிந்தது. 1949 ஜனவரியில் துறைமுகத் திட்டம் கிழக்கே இகார்காவுக்கு நகர்ந்தது. 1953-இல் ஸ்டாலின் இறந்ததும் அதையும் கைவிட்டார்கள்.

பாதையின் மேற்குத் துண்டு மட்டும் பிழைத்தது. பெச்சோரா பாதையிலிருந்து பிரிந்து ஓப் நதிக்கரை வரை வந்த அந்தத் தண்டவாளத்தில் ரயில்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அந்தத் துண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரக் கதையிலும் அதற்கு வேலை இருக்கிறது.

இனி அறுபது ஆண்டுகளைத் தாண்டுகிறோம். அதே வளைகுடா, அதே ஆழமில்லாத தண்ணீர். துறைமுகம் கேட்டவர்கள் மட்டும் வேறு ஆட்கள்.

*

சாலெகார்ட், 2009

2009 செப்டம்பர் 24. ஆர்க்டிக் வட்டக் கோட்டிலேயே அமைந்த நகரம் சாலெகார்ட். அப்போது ரஷ்யப் பிரதமராக இருந்த விளாதிமிர் புதின், உலகின் பெரிய எண்ணெய் நிறுவனங்களின் தலைவர்களை அந்தச் சிறு நகருக்கு வரவழைத்தார். பேச்சு முழுக்க ஒரே நிலத்தைப் பற்றியது: யமால் தீபகற்பம்.

ஏறக்குறைய 700 கிலோமீட்டர் நீளம். மேற்கே காரா கடல், கிழக்கே ஓப் வளைகுடா. பெரும்பகுதியில் ஒரு மரம்கூடக் கிடையாது. கோடையில் சதுப்பும் ஏரிகளும். மற்ற மாதங்களில் வெண்பரப்பு. அதன் அடியில் உலகின் மிகப் பெரிய எரிவாயு வயல்கள் சில இருந்தன. பொவானென்கொவோ வயலை 1971-இலும் தென் தம்பேய் வயலை 1974-இலும் சோவியத் நிலவியலாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

கண்டுபிடித்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியும் தென் தம்பேய் வாயு தரைக்குள்ளேயே கிடந்தது. யமாலில் எரிவாயுவுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. வெளியே போக வழி இல்லாததுதான் சிக்கல். இந்தத் தொடரில் இதுவரை பார்த்த எல்லாத் திட்டங்களையும் வாழவைத்ததும் சாகடித்ததும் வழி என்ற இந்த ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன். நிலவியல் கொடுத்ததை வழியின்மை பறித்துக்கொண்டது.

வழி என்றால் இரண்டே இரண்டு. குழாய் அல்லது கப்பல்.

*

குழாய் எடுத்த பாதை

குழாயைத் தேர்ந்தெடுத்தது காஸ்ப்ரோம். ரஷ்ய அரசின் கையிலிருந்த அந்த நிறுவனத்துக்குப் பொவானென்கொவோ சொந்தம். வயலிலிருந்து தெற்கே உஹ்தா வரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் குழாய் போடவேண்டும். இடையே பைதரத்ஸ்கயா வளைகுடா குறுக்கிடுகிறது. சுமார் 70 கிலோமீட்டர் கடலுக்கு அடியில் போயாக வேண்டும். ஆழம் குறைந்த அந்தக் கடலில் மிதக்கும் பனிப்பாளங்கள் தரையையே உழுதுகொண்டு நகரும். அதனால் குழாய்களுக்குக் கான்கிரீட் உறை பூட்டிப் புதைத்தார்கள்.

இத்தனை குழாயையும் கொண்டுபோய்ச் சேர்க்க முதலில் ரயில் வேண்டும். அந்த ரயில் பாதை எங்கே தொடங்கியது தெரியுமா? ஒப்ஸ்கயா நிலையத்தில். கமென்னி முனைத் துறைமுகத்துக்காகக் கைதிகள் போட்ட அதே பாதையில் அமைந்த நிலையம் அது. அங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, உறைந்த மண்மீது தண்டவாளம் போட்டார்கள். யுரிபேய் ஆற்றின் வெள்ளப் பரப்பைக் கடக்கவே 3.9 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு பாலம் கட்டினார்கள். பெயர் தெரியாமல் மடிந்த மனிதர்களின் உழைப்பின்மேல்தான் புதிய நூற்றாண்டின் முதல் ரயிலும் ஏறிப் போனது. திட்டத்தைப் பற்றிய பெருமிதப் பேச்சுகளில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. இங்கேயாவது ஒரு பத்தி இருக்கட்டும்.

2012 அக்டோபரில் பொவானென்கொவோ வாயு குழாயில் ஓடத் தொடங்கியது.

தென் தம்பேய் இன்னும் வடகிழக்கே, ஓப் வளைகுடாவின் கரையில் இருக்கிறது. அந்த வயலின் உரிமத்தை வைத்திருந்த நிறுவனத்தில் 51 விழுக்காட்டை 2009-இல் வாங்கியது நோவாடெக் என்ற தனியார் நிறுவனம். அதை நடத்தியவர் லியோனித் மிகேல்சன். பங்கு கைமாறியது கென்னாடி திம்செங்கோ என்ற எண்ணெய் வணிகரின் நிறுவனத்திடமிருந்து. திம்செங்கோ புதினுக்கு நெருக்கமானவர், நோவாடெக்கிலும் பங்குதாரர். இந்த நெருக்கம் பின்னால் என்ன விலை கேட்டது என்பதற்கு வருவோம்.

குழாய் போடலாமே என்று தோன்றும். போட்டிருந்தால் அந்தக் குழாய் போய்ச் சேருவது காஸ்ப்ரோமின் வலையில்தான். நாட்டின் பெருங்குழாய்கள் அத்தனையும் அவர்கள் கையில். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரஷ்ய எரிவாயுவை வெளிநாட்டுக்கு விற்கும் உரிமையும் அப்போது அவர்களுக்கு மட்டுமே இருந்தது. குழாயில் விட்ட வாயு, விட்ட கணத்திலேயே நோவாடெக்கின் பிடியை விட்டுப் போயிருக்கும்.

ஆகவே கப்பல். எரிவாயுவை மைனஸ் 162 டிகிரி வரை குளிர்வித்தால் திரவமாகும். கன அளவு சுமார் 600 மடங்கு சுருங்கும். எல்.என்.ஜி. என்று நாம் சொல்வது இதைத்தான். கடும் குளிர்ப் பகுதியில் இதற்கு ஓர் அனுகூலமும் உண்டு. வெளியே காற்றே உறைந்து கிடக்கும்போது வாயுவைக் குளிர்விக்கச் செலவாகும் ஆற்றல் குறையும்.

*

பக்கத்து வீட்டுத் தோல்வி

மிகேல்சனின் ஆட்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மேற்கே பேரன்ட்ஸ் கடலில் இன்னொரு மாபெரும் கனவு கரைந்துகொண்டிருந்தது. ஷ்டொக்மன் வயல். கரையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு அப்பால், நடுக்கடலில். கடலடிக் குழாய் வழியாகத் தெரிபெர்கா என்ற மீனவ ஊருக்கு வாயுவைக் கொண்டுவந்து, திரவமாக்கி, அமெரிக்காவுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. காஸ்ப்ரோமோடு பிரான்ஸின் டோட்டலும் நார்வேயின் ஸ்டாடாயிலும் சேர்ந்தன.

அதற்குள் அமெரிக்காவில் ஷேல் பாறைகளிலிருந்து வாயு பீறிட்டது. வாங்குவதாக இருந்த நாடே விற்கும் நாடாக மாறும் நிலை. 2012-இல் ஷ்டொக்மன் கிடப்பில் போடப்பட்டது.

டோட்டல் அந்த அடியை நேரில் வாங்கிய நிறுவனம். ஆனால் ஷ்டொக்மன் நிற்கும் முன்பே, 2011-இல், அது நோவாடெக்கில் 12 விழுக்காட்டையும் யமால் எல்.என்.ஜி. என்ற இந்தத் திட்டத்தில் 20 விழுக்காட்டையும் வாங்கியது. அந்த முடிவுக்குப் பின்னால் நின்றவர் கிறிஸ்தோஃப் து மார்ஜெரி. அடர்ந்த மீசையும் பெரிய சிரிப்பும் கொண்ட தலைமை நிர்வாகி. யமாலில் வயல் தரையில் இருந்தது. கிணறும் ஆலையும் துறைமுகமும் பக்கம் பக்கமாக அமையும். 19 தளங்களில் 208 கிணறுகள். அவற்றிலிருந்து தரைக்கு மேலே தாங்கு கால்களில் ஓடும் குழாய்கள் ஆலைக்கு வாயுவைச் சேர்க்கும். ஷ்டொக்மனில் இருந்த நீண்ட கடலடிக் குழாய் இங்கே தேவையே இல்லை.

கடல் மட்டும் பக்கத்தில் இருந்தால் போதுமா? கமென்னி முனையிலும் கடல் பக்கத்தில்தான் இருந்தது.

*

முகத்துவாரம்

துறைமுகத்துக்கு இடமாகத் தேர்வானது சபெட்டா. 1980-களில் துளையிடும் குழுக்கள் தங்கிய பழைய முகாம். கமென்னி முனையிலிருந்து வெகு தூரம் வடக்கே, வளைகுடாவின் வாய்ப்பக்கம் அமைந்தது. ஸ்டாலின் காலத்தில் செய்த தவற்றைத் திரும்பச் செய்யவில்லை. இந்த முறை கடலைத்தான் முதலில் அளந்தார்கள்.

அளந்தபோது கிடைத்த செய்தி நல்லதாக இல்லை.

நம்மூர் முகத்துவாரங்களில் ஆற்று மணல் குவிந்து படகுகளை மறிப்பதை மீனவர்கள் அறிவார்கள். ஓப் பேராறு அதையே ஒரு கண்டத்தின் அளவில் செய்கிறது. சைபீரியாவின் வண்டலையெல்லாம் இழுத்து வந்து, வளைகுடா காரா கடலைச் சந்திக்கும் இடத்தில் பரப்பி வைத்திருக்கிறது. சபெட்டாவில் துறைமுகம் கட்டினாலும் வெளியே போகும் கப்பல் அந்தத் திட்டைத் தாண்டியாக வேண்டும்.

இங்கேதான் திட்டத்தின் உயிர்முடிச்சு. சற்று நிதானமாகப் பார்ப்போம்.

கப்பல் பெரிதாக இருந்தால் ஒரு நடையில் அதிகம் கொண்டுபோகலாம், செலவு குறையும். பெரிய கப்பல் தண்ணீரில் ஆழமாக அமிழும். அமிழ்ந்தால் கால்வாயை ஆழப்படுத்தவேண்டும். ஆழப்படுத்தும் வேலைக்குக் கிடைப்பதோ பனியில்லாத சில வாரங்கள். ஆண்டில் ஒன்பது மாதம் அந்த வளைகுடா உறைந்து கிடக்கும். கப்பலைச் சிறிதாக்கினால் இந்தத் தொல்லை குறையும், ஆனால் எண்ணிக்கை கூடும். பனியைப் பிளக்கும் எல்.என்.ஜி. கப்பல் ஒவ்வொன்றுக்கும் முப்பது கோடி டாலர் அளவில் விலை. கப்பலை வரைபவரும் கடலைத் தோண்டுபவரும் ஒருவர் எண்ணை இன்னொருவர் கேட்டுத்தான் அடுத்த கோடு போடமுடியும்.

இறுதியில் வந்து நின்ற எண்கள் இவை. கப்பலின் நீளம் 299 மீட்டர், அகலம் 50 மீட்டர், கொள்ளளவு 1,72,600 கனமீட்டர். அமிழும் ஆழம் சுமார் 12 மீட்டருக்குள். கால்வாய் 49 கிலோமீட்டர் நீளம், 295 மீட்டர் அகலம், 15 மீட்டர் ஆழம்.

1949-இல் ஒரு துறைமுகத்தையே விரட்டிய ஆழமின்மையைத் தோண்டித் தீர்ப்பது என்று முடிவாயிற்று.

கப்பலின் வடிவம் ஃபின்லாந்தின் சிந்தனை. ஹெல்சிங்கியில் பனிக்கப்பல்களையே வாழ்க்கையாகக் கொண்ட பொறியாளர்கள் 1990-களில் ஒன்றைச் செய்து பார்த்திருந்தார்கள். கப்பலின் முன்பக்கம் திறந்த கடலுக்கு, பின்பக்கம் பனிக்கு. கனத்த பனி வந்தால் கப்பல் திரும்பிக்கொண்டு பின்புறமாக நகரும். கப்பலின் அடியில் தொங்கும் உந்திகள் எல்லாப் பக்கமும் சுழலக்கூடியவை. அவை பனிக்கு அடியிலிருக்கும் நீரை வாரி இறைத்து, பனியை அரைத்து வழி செய்யும். மூன்று உந்திகள், தலா 15 மெகாவாட். அணுசக்திப் பனிக்கப்பல் முன்னால் போகாமலே இரண்டு மீட்டர் பனியைக் கடப்பதுதான் இலக்கு. தென்கொரியாவின் ஒக்போவில் இருந்த டேவூ கப்பல் தளம் 2013 ஜூலையில் இந்தப் பணிக்குத் தேர்வானது. இவ்வளவு பெரிய பனிபிளக்கும் எல்.என்.ஜி. கப்பலை அதற்கு முன் உலகில் யாரும் கட்டியதில்லை.

துறைமுகத்துக்குள்ளும் பனி சும்மா விடாது. கப்பல்கள் ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போய்வந்தால் உடைந்த பனித்துண்டுகள் மீண்டும் உறைந்து முன்னைவிடத் தடிமனாகும். வெளியிலிருந்து தள்ளிவரும் பனியைத் தடுக்க நீண்ட தடுப்புச் சுவர்கள் வேண்டும். கால்வாய், தடுப்புச் சுவர், பனிக்கப்பல்கள் எல்லாம் அரசின் செலவு. கப்பலில் திரவத்தை ஏற்றும் துறைகள் நிறுவனத்தின் செலவு. 2012 ஜூலையில் துறைமுக வேலை தொடங்கியது.

கால்வாய் பற்றி ஒரு குரல் மெல்ல எழுந்தது, மீனியல் அறிஞர்களிடமிருந்து. அந்த மணல் திட்டு கப்பல்களை மட்டும் மறிக்கவில்லை. காரா கடலின் உப்பு நீரையும் அது மட்டுப்படுத்தியது. வளைகுடாவின் நன்னீரில்தான் முக்சுன் போன்ற வெண்மீன் இனங்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. திட்டில் 49 கிலோமீட்டருக்கு வாய்க்கால் வெட்டினால் உப்பு எவ்வளவு தூரம் உள்ளே ஏறும் என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்தக் கேள்வி தோண்டும் கப்பல்களை நிறுத்தவில்லை.

*

ஒரே குளிர்காலம், இரண்டு கணக்குகள்

2013-இன் கடைசி மாதங்கள். மாஸ்கோவில் எல்லாக் கதவுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன.

முதல் 25,000 கோடி கனமீட்டர் வாயுவுக்குச் சுரங்க வரி இல்லை என்ற சலுகை ஏற்கெனவே கிடைத்திருந்தது. செப்டம்பரில் சீனாவின் தேசியப் பெட்ரோலிய நிறுவனமான சி.என்.பி.சி. திட்டத்தில் 20 விழுக்காடு வாங்கக் கையெழுத்திட்டது. அக்டோபரில் ஸ்பெயினின் காஸ் நேச்சுரல் ஃபெனோசா 25 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 25 லட்சம் டன் வாங்க ஒப்புக்கொண்டது. டிசம்பர் தொடக்கத்தில் புதிய சட்டம் வந்தது. எல்.என்.ஜி. ஏற்றுமதியில் காஸ்ப்ரோமின் தனியுரிமை முடிந்தது. குழாய் அவர்களிடமே இருந்தது. கடல் நோவாடெக்குக்கும் திறந்தது.

டிசம்பர் 18-இல் இறுதி முதலீட்டு முடிவு அறிவிக்கப்பட்டது. மூன்று அலகுகள், ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 55 லட்சம் டன். செலவு 2,690 கோடி டாலர்.

இதே வாரங்களில் யமாலின் தெற்கே நடந்ததை யாரும் முதல் பக்கத்தில் போடவில்லை.

நவம்பர் தொடக்கத்தில் அங்கே மழை பெய்தது. பனி கொட்டவேண்டிய மாதத்தில் மழை. தரையில் ஏற்கெனவே விழுந்திருந்த பனியில் அது ஊறியது. பிறகு வெப்பநிலை சரிந்து எல்லாம் கெட்டிப் பாளமாக இறுகியது.

யமாலில் வாழும் நெனெட்ஸ் மக்களின் வாழ்வு முழுவதும் ரெயின்டீர் எனப்படும் துருவமான்களைச் சுற்றியது. கோடையில் வடக்கே, குளிர்காலத்தில் தெற்கே, தோல் கூடாரங்களைச் சறுக்குவண்டியில் ஏற்றிக்கொண்டு மந்தையோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போவார்கள். மான் குளம்பால் பனியைக் கிளறி அடியிலிருக்கும் பாசியைத் தின்னும். மென்பனி என்றால் கிளறலாம். பாளத்தை எந்தக் குளம்பும் உடைக்காது. வசந்தம் வரை அந்தப் பாளம் உருகவில்லை.

சுமார் 2,75,000 மான்களில் 61,000 மான்கள் பட்டினியால் செத்தன.

61,000. ஒரு குடும்பத்தின் உணவு, உடை, கூடாரம், வண்டி இழுக்கும் பலம், மகளுக்குக் கொடுக்கும் சீர் எல்லாமே அந்த மந்தைதான். மந்தை போனவர்கள் மீன்பிடித்துப் பிழைத்தார்கள். பலருக்கு மீண்டும் மந்தை சேர்க்கப் பல ஆண்டுகள் பிடிக்கும் நிலை.

பின்னர் ஆய்வாளர்கள் இந்த மழைக்கும் பேரன்ட்ஸ், காரா கடல்களில் பனி குறைந்ததற்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். இலையுதிர் காலத்தில் கடல் உறையாமல் திறந்து கிடந்தால் ஈரக் காற்று நிலத்துக்குள் வரும், மழையாக விழும். எந்தக் கடல் திறந்ததால் கோடையில் கிழக்கே ஆசியாவுக்குக் கப்பல் விடலாம் என்று மாஸ்கோவில் கணக்குப் போட்டார்களோ, அதே கடல் திறந்ததுதான் தெற்கு யமாலில் மந்தைகளைக் கொன்றது.

எரிவாயு எரிந்தால் கரியமிலவாயு, அது கூடினால் இன்னும் வெப்பம், இன்னும் திறந்த கடல். இந்தச் சங்கிலியின் இரு முனைகளும் ஒரே தீபகற்பத்தில், ஒரே குளிர்காலத்தில் இருந்ததைப் படித்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

நெனெட்ஸ்களிடம் கேட்கவே இல்லையா? கேட்டார்கள். சேயாகா என்ற ஊரில் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தன. குழாய்களில் மான்கள் கடக்க வழிகள் விடப்படும், இழப்பீடு தரப்படும் என்று வாக்குறுதிகள் வந்தன. துறைமுகம் எங்கே, எவ்வளவு பெரிது, வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விகள் அந்தக் கூட்டங்களுக்கு வரும் முன்பே முடிவாகியிருந்தன. கடக்கும் வழி எங்கே வேண்டும் என்பதைச் சொல்லும் அளவுக்குத்தான் அவர்களுக்கு இடம் விடப்பட்டிருந்தது.

*

ஜூலை 16

2014 மார்ச்சில் ரஷ்யா கிரிமியாவை இணைத்துக்கொண்டது. மார்ச் 20-இல் அமெரிக்கா வெளியிட்ட தடைப் பட்டியலில் ஒரு பெயர்: கென்னாடி திம்செங்கோ.

நோவாடெக் அப்போதைக்குத் தப்பியது. மே மாதம் ஷாங்காயில் சி.என்.பி.சி. ஆண்டுக்கு 30 லட்சம் டன் எல்.என்.ஜி. வாங்க ஒப்பந்தம் போட்டது. சபெட்டாவில் தூண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. நிரந்தரமாக உறைந்த மண் அது. கட்டடத்தின் வெப்பம் பட்டால் இளகிவிடும், கட்டடம் சாயும். ஆகவே ஆலை முழுவதும் தரையைத் தொடாமல் தூண்கள்மேல் நிற்கவேண்டும். மண்ணின் வெப்பத்தை உறிஞ்சி வெளிக்காற்றில் விடும் குளிர்க்குழாய்களைத் தூண்களின் பக்கத்தில் நட்டார்கள். ஒரு எரிவாயு ஆலைக்காகப் பூமியை உறையவைத்துக் காக்கும் வேலை.

ஜூலை நடுவில் யமால் உலகச் செய்தியானது, வேறு காரணத்துக்காக. பொவானென்கொவோ வயலிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் தரையில் ஒரு பெரும் பள்ளம். ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த படத்தில் விளிம்பு தெரிந்தது, அடி தெரியவில்லை. அங்கே போன ஆய்வாளர்கள் பள்ளத்தின் காற்றில் மீத்தேன் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். உறைநிலத்தில் அடைபட்ட வாயு அழுத்தம் கூடித் தரையைப் பிய்த்துக்கொண்டு வெளியேறியிருக்கவேண்டும் என்பது அவர்களில் பலரின் முடிவு.

அதே வாரம், ஜூலை 16 அன்று, வாஷிங்டனில் புதிய தடைப் பட்டியல் வந்தது. இந்த முறை நோவாடெக்கின் பெயரே இருந்தது.

தடை என்றாலும் அப்போது அது முழுத் தடை அல்ல. வாயு விற்கலாம், கப்பல் வாங்கலாம். அமெரிக்கர் எவரும் அந்த நிறுவனத்துக்கு 90 நாளுக்கு மேற்பட்ட புதிய கடன் கொடுக்கக்கூடாது, அவ்வளவுதான். படித்தால் சாதாரணமாகத் தோன்றும். பாதிக்குமேல் நோவாடெக்கின் கையிலுள்ள துணை நிறுவனங்களுக்கும் இதே விதி. யமால் எல்.என்.ஜி.யில் அப்போது நோவாடெக்கின் பங்கு 60 விழுக்காடு.

இத்தகைய திட்டங்கள் இருபது ஆண்டுக் கடனில்தான் எழும்பும். உலகின் பெரிய வங்கிகள் ஏதோ ஒரு வகையில் டாலரையும் நியூயார்க்கையும் தொட்டுத்தான் கடன் கொடுக்கின்றன. அந்த ஒரு வரி விதி 2,690 கோடி டாலர் திட்டத்தின் நாடியைப் பிடித்துவிட்டது.

மறுநாள் ஜூலை 17. கிழக்கு உக்ரைனின் வானில் மலேசிய விமானம் எம்.எச்.17 சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 உயிர்கள். நோவாடெக் பங்குகளை மேலும் மேலும் வாங்கிவந்த டோட்டல், வாங்குவதை நிறுத்தியது.

*

பனிக்கு முன்னால் பணம் உறைந்தது

து மார்ஜெரி ரஷ்யாவை விட்டு விலகவில்லை. தடைகள் பயன் தராது என்று வெளிப்படையாகப் பேசினார். எண்ணெய்க்கு டாலரில்தான் விலை கொடுத்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்று அந்த ஜூலையிலேயே சொன்னார். ஒரு மேற்கத்திய எண்ணெய் நிறுவனத் தலைவர் சொல்லத் துணியாத வார்த்தை அது. டாலர் இல்லாமல் யமாலுக்குப் பணம் திரட்டமுடியுமா என்ற தேடலுக்கு அவரே முகமாக இருந்தார்.

அக்டோபர் 20, இரவு. மாஸ்கோவின் வுனுகோவோ விமான நிலையம். வெளிநாட்டு முதலீட்டாளர் கூட்டத்தை முடித்துக்கொண்டு அவர் பாரிஸுக்குப் புறப்பட்டார். ஓடுபாதையில் வேகமெடுத்த சிறு ஜெட் விமானம், அங்கே நின்ற பனி அகற்றும் வண்டியில் மோதியது. அவரும் விமானப் பணியாளர் மூவரும் இறந்தார்கள்.

அதற்குள் எண்ணெய் விலையும் சரியத் தொடங்கியிருந்தது. ஜூனில் பீப்பாய் 110 டாலருக்கு மேல் விற்றது, டிசம்பரில் 60 டாலருக்கும் கீழே வந்தது. யமால் எல்.என்.ஜி.யின் விற்பனை ஒப்பந்தங்களில் பெரும்பகுதி எண்ணெய் விலையோடு கட்டப்பட்டவை. டிசம்பர் 16-இல் ரூபிள் ஒரே நாளில் டாலருக்கு 80 வரை விழுந்தது. முந்தின நள்ளிரவில் மத்திய வங்கி வட்டியை 17 விழுக்காடாக உயர்த்தியும் பிடிக்க முடியவில்லை. தேசிய நல நிதியிலிருந்து 15,000 கோடி ரூபிள் வரை தர அரசு இசைந்தது. ரூபிள் சரியச் சரிய அந்த உதவியின் டாலர் மதிப்பும் கரைந்துகொண்டே வந்தது.

நிலவரத்தைப் பாருங்கள். கால்வாய் தோண்டும் வேலை பாதியில். ஆயிரக்கணக்கான தூண்கள் மண்ணில். ஒக்போவில் முதல் கப்பலுக்கு ஆணை கொடுத்தாகிவிட்டது. அதே மாதம் சபெட்டாவின் புதிய ஓடுதளத்தில் முதல் பயணிகள் விமானம் இறங்கியது. வாயுவை வாங்க வாடிக்கையாளர் உண்டு. கடன் தருவதாக இருந்த வங்கிகள் மட்டும் கையை விரித்துவிட்டன. இதுவரை போட்ட பணம் பங்குதாரர்கள் தங்கள் பையிலிருந்து எடுத்தது. அந்தப் பைக்கும் அடி உண்டு.

மேசையைச் சுற்றி மூன்று நாற்காலிகள். ரஷ்யனின் கை கட்டப்பட்டிருக்கிறது. பிரெஞ்சு நாற்காலியில் புதிய தலைவர், பாட்ரிக் புயானே, பொறுப்பேற்று இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்றாவது நாற்காலியில் 20 விழுக்காட்டோடு உட்கார்ந்திருக்கும் பெய்ஜிங்குக்கு அவசரமே இல்லை. எண்ணெய் விலை விழ விழ அதன் பேரம் வலுக்கிறது. கடன் கொடுக்கும் வங்கிகளும் அதன் கையில், ஆலையின் பாகங்களைக் கட்டித்தரும் தளங்களும் அதன் கையில்.

சீனா பணம் தருமா? தந்தால், எந்த நாணயத்தில், யமாலின் எந்தத் துண்டுக்கு ஈடாக?

(தொடரும்)